சுருக்கமும் விளக்கமும்

நூலுக்குரிய அழகுகள் பத்தென வகுத்த நன்னூலார், சுருக்கத்தை முதலாவதாகவும் விளக்கத்தை அதற்கடுத்ததாகவும் வைத்தார். முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதை மறந்தால் என்ன நேரும் என்பதை, கணனிக்கு நான் எழுதிய ஒற்றை வரி எனக்குக் கற்பித்தது.

செயன்முறைப் பயிற்சிகள் பன்னிரண்டிலும் மாணவர் பெற்ற புள்ளிகளைக் கூட்டுவதற்குச் 'சீ' மொழியில் ஒரு செய்நிரல் எழுதினேன். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப இயற்றும் பகுதியை வளையம் என்பர். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைக் காட்டுவது எண்ணி. எண்ணியுடன் ஒன்று கூட்டுவதையும் எல்லையைச் சோதிப்பதையும் ஒரே கோவையில் அடக்கி, வளையம் முழுவதையும் ஒரு வரியாக்கிப் பெருமிதம் கொண்டேன்.

சில நாட்களின் பின், மூன்று புள்ளிகளால் சித்தியை இழந்த மாணவி ஒருவர் தமது பயிற்சிக் கொப்பியுடன் வந்தார். அவ்வரியை நான்கு முறை படித்தும் பிழை தென்படவில்லை. ஐந்தாம் முறை கண்டேன். அம்மொழியில் வரிசையின் முதலிடம் 0. என் எண்ணியோ சோதனைக்கு முன்னரே 1 ஆகிவிட்டது. முதற் பயிற்சியின் புள்ளி எவருக்கும் சேரவேயில்லை! பெறுபேறுகள் யாவும் திருத்தப்பட்டன. அவர் கேளாது விட்டிருப்பின், அத்தவறு என் வரிக்குள்ளேயே மறைந்திருக்கும்.

அன்று தொட்டுச் சில நெறிகளைக் கைக்கொண்டு வருகிறேன். பைதன் போன்ற மொழி இடந்தருமாயின், எண்ணியே இன்றி உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுப்பேன். இல்லாத எண்ணி பிழைப்பதில்லை. எண்ணி வேண்டுமாயின் 0 இல் தொடங்கி, எல்லையெண்ணை அடையுமுன் நிறுத்துவேன். 1982 இல் டைக்ஸ்ட்ரா எழுதிய சிறு குறிப்பொன்று இம்முறைக்கு நியாயம் கூறுகிறது: மேலெல்லையிலிருந்து கீழெல்லையைக் கழித்தால் உறுப்புகளின் தொகை நேரே கிடைத்துவிடும். வேண்டாதவற்றை வளையத்தின் தொடக்கத்திலேயே விலக்குவேன். ஒரு வளையத்துக்கு ஒரு வேலையே கொடுப்பேன். வளையத்துள் வளையமாக மூன்றாவது எழ முற்படின், உள்ளிருப்பதைப் பொருத்தமான பெயரிட்டுத் தனியே பிரிப்பேன்.

இவற்றால் வரிகள் சிலவேளை கூடும். ஆயினும் சுருக்கம் என்பது வரிகளின் தொகையன்று. படிப்பவர் ஒரே வேளையில் மனத்தில் தாங்கவேண்டியவற்றின் தொகையே. கணனி எதனையும் தாங்கும். ஆனால், பிழை தேடி அவ்வரிகளைப் படிப்பவர் மனிதர். அவர்முன் ஒருவர் கொப்பியுடன் காத்து நிற்கவுங் கூடும்.