கடலில் விளையும் ஐஸ்கிரீம்

சென்ற ஞாயிறு மாலை பாண்டி பஜாரில் குழந்தைகளோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அது வழவழப்பாக இருப்பதற்குச் சிலர் சேர்க்கும் காரஜீனன் என்னும் பசை, கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. இதைச் சொன்னதும், "சமுத்திரத்திலா ஐஸ்கிரீம் விளைகிறது?" என்று கேட்டாள் நம் சின்னப் பெண். சிரித்தோம். ஆனால் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

இராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்ற பாசியைப் பயிரிடுகிறார்கள். விதைப்பது கிடையாது. பழைய செடியை ஒடித்துக் கயிற்றில் கட்டினால் சுமார் 45 நாளில் அறுவடை. 2013-ம் வருஷத்தையொட்டிக் கடல் நீரின் உஷ்ணம் ஏறியபோது பாசி கும்பல் கும்பலாக மடிந்தது. அதை நம்பியிருந்தோரின் வருமானமும் அதோடு போயிற்று.

காரணம் என்ன? சூடு ஒன்று, பயிரின் பிறப்பு மற்றொன்று. ஒடித்துக் கட்டிய செடிகளெல்லாம் தாயின் அச்சு. ஒன்று தாங்காத சூட்டை மற்றதும் தாங்காது. வித்துக்களால் பெருகும் பாசியிலோ பிள்ளைகள் பலவிதம். சூடு தாங்கும் சில பிழைத்து, அந்தக் குணத்தைச் சந்ததிக்குக் கொடுக்கும். இயற்கையின் இந்தச் சாமர்த்தியத்துக்கும் எல்லை உண்டு. 2011-ல் மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் வெப்ப அலை எழுந்தபோது, சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெல்ப் என்னும் பாசிக் காடு அழிந்தது.

விதைநெல்லைக் குதிரில் காத்த ஜனங்கள் நாம். மன்னார் வளைகுடாவின் நாட்டுப் பாசிகளையும் அப்படியே காக்க வேண்டாமா?

விளைகிறது, குழந்தாய். விளைந்துகொண்டே இருக்க வேண்டுமென்பதுதான் நம் கவலை.