குழந்தையைச் சுற்றி எவ்வளவு உலகம்?

யூஜின் ஸ்மித் 1946-இல் எடுத்த 'தி வாக் டு பாரடைஸ் கார்டன்' படத்தில் குழந்தைகளின் முகம் தெரியாது. அவருடைய மகனும் மகளும் கைகோத்துக்கொண்டு, நமக்கு முதுகு காட்டி நடந்துபோகிறார்கள். சுற்றிலும் மரஞ்செடிகளின் இருட்டு. அது தலைக்கு மேல் வளைந்து ஒரு வாசல்போல நிற்கிறது. வாசலுக்கு அப்பால் வெளிச்சம். 1955-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் நடத்திய 'தி ஃபேமிலி ஆஃப் மேன்' கண்காட்சியில் 503 படங்கள் இருந்தன. அத்தனைக்கும் கடைசியில் அவர் வைத்தது இந்தப் படத்தைத்தான்.

என்னிடம் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன். குழந்தைப் படம் என்றாலே சிரிப்பு, கன்னக்குழி, பெரிய கண் என்று எல்லோருக்கும் மனசில் பதிந்துபோயிருக்கிறது. இதில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. இருந்தும் பார்த்த மாத்திரத்தில் இது குழந்தைப்பருவத்தைப் பற்றிய படம் என்று யாருக்கும் புரிந்துவிடுகிறது. எதனால் புரிகிறது என்பதைத்தான் நாங்கள் உட்கார்ந்து பேசுவோம்.

முதலில் இருட்டு. அது படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை ரொம்பச் சின்னவர்களாக்கிவிடுகிறது. அடுத்து, அவர்கள் நிற்கும் இடம். இருட்டு முடிந்து வெளிச்சம் தொடங்கும் அந்த விளிம்பில் இருக்கிறார்கள். இன்னும் நாலடி முன்னே போயிருந்தால் வெளிச்சத்தில் கரைந்திருப்பார்கள். நாலடி பின்னே இருந்திருந்தால் செடிகளோடு செடியாகியிருப்பார்கள். மூன்றாவதாக, கேமரா இருக்கும் இடம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கேமரா இருட்டுக்குள் இருக்கிறது. போகிறவர்கள் பிள்ளைகள், பின்தங்கி நிற்பது நாம்.

ஸ்மித் 1945 மே மாதம் ஒகினாவா போர்முனையில் குண்டுச் சிதறல் பட்டு முகத்திலும் கையிலும் படுகாயம் அடைந்தவர். அடுத்த இரண்டு ஆண்டுகள் அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சையாகப் போயின. அந்தக் காலத்தில், இனி கேமராவைப் பிடிக்க முடியுமா என்ற நிலையில் எடுத்த படம் இது. இந்தக் கதை தெரியாதவர்களுக்கும் படம் அதைச் சொல்லிவிடுகிறது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. எடுத்தவர் இருட்டிலிருந்து பார்க்கிறார் என்பது படத்திலேயே இருக்கிறது. இருட்டறையில் ஸ்மித் பெரிய பிடிவாதக்காரர். பிரிண்டின் சில இடங்களுக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்துக் கறுப்பாக்குவார். வேறு சில இடங்களைப் பொட்டாசியம் ஃபெரிசயனைடு தொட்டு வெளுக்க வைப்பார். அவரைப் பொறுத்தவரை ஷட்டரை அமுக்குவதோடு வெளிச்சத்தின் வேலை முடிவதில்லை.

இந்தப் படத்தை வைத்து இத்தனை வருஷம் யோசித்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: குழந்தைப்பருவம் ஒரு படத்துக்குள் வருவது அளவு வழியாக. உலகம் எத்தனை பெரிது, அதற்கு எதிரே இந்தப் பிள்ளை எத்தனை சிறிது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். முகம் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர் லூயிஸ் ஹைன். அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலை ஆலையாகப் போனார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர், தீ விபத்து ஆய்வாளர் என்று வேஷம் போட்டார். 1908 நவம்பரில் தென் கரோலினாவின் லங்காஸ்டர் பஞ்சாலையில் அவர் எடுத்த படத்தில் ஒரு சிறுமி நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறாள். கீழே அவர் எழுதிய குறிப்பில் அவள் உயரம் 48 அங்குலம் என்று இருக்கிறது. தன் கோட்டுப் பொத்தான் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்பே தெரிந்து வைத்திருந்தவர் அவர். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் போதும், எத்தனாவது பொத்தான் என்று பார்த்து, சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே குறித்துக்கொள்வார்.

அந்த அளவைப் படத்துக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறார். நூற்கண்டுகளின் வரிசை நம் பக்கத்திலிருந்து புறப்பட்டு ஆழத்துக்குள் ஓடுகிறது, எங்கே முடிகிறதென்று தெரிவதில்லை. சிறுமி அழவில்லை, அடி வாங்கவில்லை. நம் இரக்கத்தைக் கேட்கிற எந்தப் பாவனையும் அவள் முகத்தில் இல்லை. கோடுகள் பேசிவிடுகின்றன. இவ்வளவு நீள இயந்திரத்துக்கு நான்கடி உயரப் பிள்ளை ஒன்று பொறுப்பு. கிட்டப்போய் அவள் முகத்தை மட்டும் எடுத்திருந்தால் அழகான சிறுமியின் படம் ஒன்று கிடைத்திருக்கும், ஆலை காணாமல் போயிருக்கும்.

ஜாக் ஹென்ரி லார்தீக் வேறு வகை. 1894-இல் பிறந்தவர். 1905-இல் தன் அறையில் இருந்த பொம்மைக் கார்களை எடுத்தபோது கேமராவைத் தரையிலேயே வைத்துவிட்டார். பெரியவர் ஒருவருக்குத் தோன்றாத இடம் அது. தரையில் வைத்ததும் பொம்மைக் கார் நிஜக் காராகிவிட்டது, அறை ஊராகிவிட்டது. அளவு என்றால் பிள்ளை சிறிதாகத் தெரிவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிள்ளையின் கண்ணுக்கு எது பெரிதோ அதைப் பெரிதாக்குவதும் அதில் சேர்த்திதான்.

என் வேலைக்கு வருகிறேன். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுப் பக்கம் நுங்குக் காலத்தில் அடிக்கடி போவேன். செக்கச்சிவந்த மணல், வரிசையாகப் பனை. நுங்கு தோண்டித் தின்ற காய்கள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு பயல்கள் ஓடுவார்கள். நுங்கு வண்டி. நின்றுகொண்டு எடுத்தால், பையனின் தலை மணலின் சிவப்புக்குள்ளேயே விழுந்துவிடும். மணலும் பையனும் ஒட்டிப்போய், படம் தட்டையாகிவிடும். மண்டியிட்டு, கேமராவை அவன் இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் எல்லாம் மாறும். அவன் தலையும் தோளும் அடிவானத்தைத் தாண்டி ஆகாயத்துக்குள் எழும்பும். அடிவானக் கோடு கழுத்தை வெட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பனைகள் ஃப்ரேமின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விடும்.

பனையின் உச்சியை வெட்டலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வெட்டலாம். உச்சி தெரியும்படி பின்னே நகர்ந்தால் பையன் புள்ளியாகிவிடுவான், மரமும் இவ்வளவுதான் என்று முடிந்துபோகும். உச்சி தெரியாத மரத்துக்குத்தான் முடிவில்லை. ஏழு வயதில் பனை அப்படித்தான் இருந்தது.

ஓடுகிறவனுக்கு முன்னால் இடம் விட வேண்டும் என்பது எல்லோரும் சொல்லித்தரும் விதி. தேரியில் நான் பின்னால்தான் அதிகம் விடுவேன். மணலில் அந்த இரண்டு சக்கரங்களின் தடம் வளைந்து வளைந்து வந்திருக்கும். எவ்வளவு தூரம் ஓடிவந்திருக்கிறான், எங்கே திரும்பினான், எங்கே விழுந்து எழுந்தான் என்று அந்தக் கோட்டில் படிக்கலாம். ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடி வைத்தால் பையன் சிலையாகிவிடுகிறான். அறுபதில் ஒரு நொடியில் முகம் நின்று பாதம் மட்டும் கலங்கும். எனக்கு அந்தக் கலக்கம் வேண்டும். இன்னொன்று நிறம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் சிவப்பைக் குறை என்று எடுத்துக்கொண்டு தணித்துவிடும். அதனால் பகல் வெளிச்ச அளவிலேயே பூட்டிவைத்துவிடுவேன்.

கேமராவைப் பார்த்ததும் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "மாமா, என்னைய ஒரு போட்டோ எடுங்க மாமா" என்று வரிசையாக நிற்பார்கள். கையைத் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு. அந்தப் படத்தை முதலில் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். போட்டோவுக்கு நிற்பது ஒரு பெரிய காரியம் என்று அந்த விறைப்பு சொல்கிறது, அதுவும் அவர்கள் உலகம்தான்.

இந்த இடத்தில் டயான் ஆர்பஸின் படம் என்னை எப்போதும் தொந்தரவு செய்யும். 1962, நியூயார்க் சென்ட்ரல் பார்க். ஒரு பையன் நிற்கிறான்: ஒரு கையில் பொம்மைக் கையெறிகுண்டு, மறு கை வெறுமையாக விரல்கள் மடங்கி, ஒரு தோளிலிருந்து நழுவிய பட்டை, விறைத்த முகம். உலகம் அறிந்த படம். அதே சுருளின் காண்டாக்ட் ஷீட்டைப் பார்த்தால் மற்ற படங்களில் அவன் சாதாரணமாக விளையாடும் பையன். அந்த வெறுங்கையும் நழுவிய பட்டையும் எவ்வளவு பேசுகின்றன என்று வியக்கிறேன். ஆனால் பேசுவது அந்தப் பையனா ஆர்பஸா என்று கேட்டால், ஆர்பஸ்தான் என்பேன். அதனால் அந்தப் படத்தை முழு மனசோடு ஏற்க என்னால் முடிந்ததில்லை. நூறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பிள்ளையைத் தெரிந்த ஒருவர் பார்த்து, ஆமாம், இவன் இப்படித்தான் என்று சொல்ல வேண்டும். அது என் அளவுகோல்.

தேரியில் நுங்கு வண்டி ஓட்டிய பையன் ஒருவனின் படத்தை அவன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "மூஞ்சி சரியா தெரியலையே, அண்ணாச்சி" என்றார். விறைத்து நின்ற படத்தையும் சேர்த்துத்தான் கொண்டுபோயிருந்தேன். அது சுவருக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து முதல் படத்தைத் திரும்ப எடுத்தார். "இது மேற்கு விளையில்லா? இந்த மரம் எங்கப்பா ஏறுனதுல்லா" என்று விரல் வைத்து மரம் மரமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

இப்போது கைபேசியே பின்புலத்தை மங்கலாக்கிக் கொடுத்துவிடுகிறது. விளையும் மரமும் தடமும் பஞ்சுப் பொதியாகிவிடுகின்றன. பிள்ளைகளை எடுக்கும்போது அந்த வசதியை அணைத்துவையுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அடுப்பங்கரை, சைக்கிள், காய்கிற புடவை எல்லாம் தெளிவாக விழட்டும்.

ஸ்டூடியோ வேலையிலும் இதே சண்டைதான். நம் வீட்டு ஆல்பங்களில் குப்புறப் படுத்துத் தலை தூக்கிய கைக்குழந்தைப் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். கண்ணில் மை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, இடுப்பில் அரைஞாண். திருத்துகிற மென்பொருள் அந்தப் பொட்டைக் கறை என்று துடைத்துவிடுகிறது. ஃப்ரேமின் ஓரத்தில் பிள்ளை சரியாமல் தாங்கும் அம்மாவின் விரல்களையும் அழிக்கச் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க ஸ்டூடியோக்களில் குழந்தை அசையாமலிருக்க அம்மாவைத் துணி போர்த்தி நாற்காலியாக உட்கார வைத்து எடுத்த படங்கள் ஏராளம். இன்று அவற்றைப் பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது துணிக்குள் இருக்கும் அந்த அம்மாவைத்தான். பொட்டு அம்மா வைத்தது, விரல் அம்மாவுடையது. பிள்ளையின் அளவைச் சொல்ல அந்தப் படத்தில் வேறென்ன இருக்கிறது? அழிக்கச் சொன்னால் அழித்துக் கொடுக்கிறேன். கூடவே அழிக்காத பிரிண்ட் ஒன்றையும் உறையில் போட்டுக் கொடுக்கிறேன். அதற்குப் பணம் வாங்குவதில்லை.