ஏழா, ஐந்தா?

யாழ்ப்பாணத்தில் ஒரு கிரிக்கெற் மச் முடிந்த பிறகுதான் இரண்டாவது மச் தொடங்கும். தேத்தண்ணிக் கடையில், கோயில் வீதியில், இப்ப வட்ஸ்அப் குறூப்பில். "எங்கட காலத்தில உவன் அடிச்ச அடி இருக்கே" என்று ஒருவர் தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் ஓர் எண் வந்து விழும். 112 என்பார். பக்கத்தில் இருப்பவர் "இல்லை, 121" என்பார். இரண்டு பேரும் சத்தியம் பண்ணத் தயார். இரண்டு பேரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் நாலு வருசம் கிரிக்கெற் அணியோடு திரிந்தவன். பந்தும் போடவில்லை, துடுப்பும் பிடிக்கவில்லை. ஸ்கோர் எழுதினேன். அணியில் பன்னிரண்டாவது ஆளுக்கும் கீழே ஒருவன் இருந்தால் அது ஸ்கோரர்தான். ஆனால் அந்த மேசையில் இருந்துதான் ஒரு விசயத்தைப் படித்தேன். மைதானத்தில் நடந்தது வேறு, ஏட்டில் நிற்பது வேறு. முப்பது வருசத்துக்குப் பிறகு ஏட்டில் நிற்பதுதான் நடந்ததாக இருக்கும்.

ஸ்கோர் எழுதுவது சும்மா ஓட்டம் கூட்டுகிற வேலை இல்லை. ஒவ்வொரு பந்தும் இரண்டு இடத்தில் ஏற வேண்டும், ஒன்று துடுப்பாட்டக்காரரின் பேருக்கு நேரே, மற்றது பந்துவீச்சாளரின் கட்டத்துக்குள். ஓட்டம் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஆறும் புள்ளியானால் அவற்றைக் கோடிட்டு இணைத்து எம் எழுத்தாக்குவோம். அது மெய்டன் ஓவர். விக்கெற்றோடு மெய்டன் என்றால் அதே புள்ளிகள் டபிள்யூ ஆகும். இன்னிங்ஸ் முடிந்ததும் துடுப்பாட்டக்காரர்களின் ஓட்டங்களையும் உதிரிகளையும் கூட்டினால் ஒரு தொகை வரும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு பையையும் லெக்பையையும் கூட்டினால் அதே தொகை வரவேண்டும். வராவிட்டால் இரண்டு பள்ளிக்கூட ஸ்கோரர்களும் தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு முதலாம் ஓவரில் இருந்து பார்ப்போம். எதிரணிப் பெடியனோடு நான் சிநேகிதமானது அப்படித்தான்.

இதையெல்லாம் இப்ப யோசிக்க வைத்தவர் கனடாவில் இருக்கிற பெரியப்பா. எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூட அணிக்குப் பந்து வீசியவர். 83க்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர். ஒரு மச்சில் ஏழு விக்கெற் எடுத்தது அவருடைய வாழ்க்கைக் கதையில் கலியாணத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் சம்பவம். அண்ணாவின் மகனுக்கு, அதாவது அவருடைய பேரனுக்கு, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் என்றால் பைத்தியம். நாங்கள் சொல்லும் உதைபந்தாட்டம் இல்லை, தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் கொண்டு ஓடுகிற ஆட்டம். ஒருநாள் அவன் கேட்டிருக்கிறான்: "அப்பப்பா, உங்கட ஏழு விக்கெற் எங்க போட்டிருக்கு? நான் தேடினேன், இல்லையே."

பெரியப்பா எனக்குக் கோல் எடுத்தார். "தம்பி, நீ உங்கதானே இருக்கிறாய், ஒருக்கா பார்."

அந்தப் பெடியன் அப்படிக் கேட்டதில் பிழை இல்லை. அவன் வளர்ந்த இடத்தில் எண் இல்லாத விளையாட்டு வீரன் கிடையாது. அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஃபுட்போல் ஆட்டம் 1869இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்ரனும் ஆடியது, 6க்கு 4 என்று ரட்கர்ஸ் வென்றது. அது இன்றைக்கும் ஏட்டில் இருக்கிறது. 1937இல் இருந்து கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. தனிவீரர் புள்ளிவிபரங்களை முறையாகத் தொகுக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் தன் அணிக்கு ஒரு கைநூல் போடும். கூடிய தூரம் ஓடியவர், கூடிய தடவை எதிராளியை விழுத்தியவர் என்று பருவத்துக்கு, ஆட்டத்துக்கு, முழுக் கல்லூரிக் காலத்துக்கு என்று தனித்தனிப் பட்டியல்கள்.

ஆனால் அந்தப் பட்டியல்களுக்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. 1988இல் ஒக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாரி சாண்டர்ஸ் 11 ஆட்டங்களில் 2,628 யார் தூரம் பந்தோடு ஓடினார். துணி அளக்கிற அதே யார்தான். கல்லூரி ஃபுட்போலின் மேல்மட்டப் பிரிவில் ஒரு பருவத்தில் வேறு எவரும் இன்னும் அதைத் தாண்டவில்லை. 2024இல் பொய்சி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்டன் ஜென்ரி 2,601 வரை வந்து 27 யாரில் தவறவிட்டார். அவருக்குக் கிடைத்தது 14 ஆட்டங்கள். பருவ முடிவில் நடக்கும் 'போல்' ஆட்டத்தின் எண்ணும் அவருக்குச் சேர்ந்தது. சாண்டர்ஸும் அப்படியொரு ஆட்டம் ஆடினார், அதில் 222 யார் ஓடினார். ஆனால் அது அவர் கணக்கில் இல்லை. 2002 பருவத்தில் இருந்துதான் அந்த ஆட்டங்களைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். ஓடியது உண்மை, பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கு, எண்ணியும் வைத்தார்கள். ஆனாலும் சாதனைக் கணக்குக்கு வெளியே நிற்கிறது.

அவ்வளவு வசதி உள்ள இடத்திலேயே எதை எண்ணுவது என்று யாரோ ஒருவர் மேசையில் இருந்து தீர்மானிக்கிறார். எங்கட கதை என்ன?

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் போர்' 1904இல் தொடங்கியது. சென். பற்றிக்ஸும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடும் 'பொன் அணிகளின் போர்' 1917இல் இருந்து வருகிறது. நூறு வருசத்துக்கு மேல் பழமை என்றால் நூறு வருசத்து ஏடும் இருக்கவேண்டும். ஆனால் உண்மையான போர் வந்தபோது இந்தப் போர்கள் பல வருசம் நின்றன. ஆடியவர்கள் ஒரு நாட்டில், பார்த்தவர்கள் இன்னொரு நாட்டில். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சனம் பிள்ளைகளையும் சைக்கிளையும் கொண்டு வெளிக்கிட்டது. ஸ்கோர் புத்தகத்தை ஆர் தூக்கிக்கொண்டு போவது? திரும்பி வந்தபோது கூரை இல்லாத கட்டடங்களும் கறையான் தின்ற அலுமாரிகளும்தான் இருந்தன.

பெரியப்பாவின் பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். அந்தக் காலத்து ஏடு ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடினேன். 2005இல் தொடங்கி ஈழத்துப் புத்தகங்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணிப் போட்டு வருகிறார்கள். மூன்று இரவுகள் பழைய பத்திரிகைப் பக்கங்களைப் புரட்டினேன். மங்கல் எழுத்து, மடிப்புக் கிழிசல், பக்கத்தில் சினிமா விளம்பரம். மூன்றாம் இரவு அகப்பட்டது. நாலு வரிச் செய்தி. முதலாம் இன்னிங்ஸில் பெரியப்பா ஐந்து விக்கெற். இனிசல் பிழை, பேர் சரி. அடுத்த நாள் பத்திரிகை அந்தத் தொகுப்பில் இல்லை.

ஆக ஏழு என்பது இரண்டு இன்னிங்ஸும் சேர்த்ததாக இருக்கலாம். இரண்டாம் இன்னிங்ஸில் மட்டும் ஏழு எடுத்தும் இருக்கலாம். நாற்பது வருசத்தில் ஐந்து வளர்ந்து ஏழானதாகவும் இருக்கலாம். படத்தை அவருக்கு அனுப்பவா விடவா என்று ஒரு கிழமை யோசித்தேன். அனுப்பினேன்.

உடனே கோல் வந்தது. "இனிசலைப் பிழையா அடிச்சிருக்கிறான் பார்" என்பதுதான் முதல் வசனம். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மற்ற நாள் பேப்பர் இல்லையோ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஐஞ்சு எண்டே பெடியனுக்குச் சொல்லுவம். ஐஞ்செண்டா காட்டலாம்தானே."

எனக்கு அது மனதில் தைத்தது. காட்ட முடிந்த ஐந்து, காட்ட முடியாத ஏழை விடப் பெரிசாகிவிட்டது. நாங்கள் சிலர் சேர்ந்து பழைய ஆட்டங்களின் பட்டியல் ஒன்று தொகுக்கிறோம். அதில் அவர் பேருக்கு நேரே இப்படி எழுதினோம்: முதலாம் இன்னிங்ஸ் 5, பத்திரிகைச் செய்தி. இரண்டாம் இன்னிங்ஸ், பதிவு கிடைக்கவில்லை. மொத்தம் 7, அவரே சொன்னது. மூன்றையும் கலக்கவில்லை, ஒன்றையும் வெட்டவில்லை.

எண் தப்பிப் பிழைத்தாலும் அது எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்கு எங்களிடமே ஓர் ஆள் இருக்கிறார். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். மத்திய கல்லூரி மாணவன். 1952இல் 17 வயதில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். பிறகு அமெரிக்கா போய் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்குப் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். அந்த விழா நடந்தது மே 24இல் இருந்து ஜூன் 1 வரை. அதே நாட்களில்தான் இங்கே தமிழர்களை அடித்துக் கலைத்த 58 கலவரம். பதக்கப் பட்டியலில் 2.03 என்று மட்டும் இருக்கும். அந்தத் தங்கத்தை எடுத்த ஆளின் சனத்துக்கு அந்தக் கிழமை என்ன நடந்தது என்று எழுத அதில் இடமில்லை. அவர் 2024இல் காலமானார். எண்ணோடு கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது இனி எங்கட பொறுப்பு.

இன்றைய பெடியளுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக ஆடி அஞ்சலோ மத்தியூஸை முதல் விக்கெற்றாக எடுத்ததும், 2024இல் ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்கு ஆடியதும் பந்து பந்தாகப் பதிவில் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வரை அவரைப் போன்றவர்கள் ஆடுகிற ஆட்டங்கள்? அவரோடு ஆடி, அந்த இடத்துக்குப் போகாத மற்றப் பத்துப் பேரின் எண்கள்?

பெட்டையளின் கணக்கு இன்னும் மோசம். தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப உடைத்தபோது பத்திரிகைகள் எழுதின. தேசியச் சாதனை என்பதால் எழுதின. அதற்குக் கீழே நடப்பதை ஆர் எழுதுகிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மண்டபச் சுவர் முழுக்கக் கிரிக்கெற் தலைவர்களின் பேர்ப்பலகை. அதே பள்ளிக்கூடத்தின் பெண்கள் வலைப்பந்தாட்ட அணி மாவட்டம் வென்ற வருசங்களுக்கு ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அந்த அணியில் கோல் போட்ட அக்கா ஒருவரிடம் எத்தனை கோல் என்று கேட்டேன். "எண்ணிறதுக்கு ஆரும் இருக்கேல்லத் தம்பி" என்றார். ஒரு மேசையும் ஒரு பேனையும் போட்டிருந்தால் அவருக்கும் ஓர் எண் இருந்திருக்கும்.

பெரிய காசு தேவைப்படுகிற வேலை இல்லை இது. இப்ப ஸ்கோர் எழுதுகிற தம்பி தங்கச்சிமாருக்கு மூன்று விசயம் சொல்லலாம். முழுப்பேரை எழுதுங்கோ, ஒரே இனிசலும் ஒரே பேரும் உள்ளவர்கள் இருபது வருசத்தில் ஐந்து பேர் வருவார்கள். திகதி, இடம், எதிரணி, எத்தனை ஓவர் மச் என்பதைத் தலைப்பில் போடுங்கோ. முடிந்த அன்றைக்கே இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து இரண்டு பேரின் போனில் வையுங்கோ. புத்தகம் தொலையும், படம் தப்பும்.

பழைய ஆக்களிடம் போகிறவர்கள் எண்ணை மட்டும் கேட்காதேயுங்கோ. யார் பந்து போட்டது, மற்றிங் விரித்த பிச்சா, மழை பெய்ததா, அந்த வருசம் ஏன் மச் நடக்கவில்லை என்று கேளுங்கோ. எண் மறந்தாலும் இவை மறப்பதில்லை.

உங்கட வீட்டுப் பரணில், அம்மப்பாவின் ட்ரங்குப் பெட்டியில், கொழும்பிலோ ரொறொன்ரோவிலோ ஒரு சித்தப்பாவின் கோப்பில் மஞ்சளாகிப்போன ஸ்கோர் ஷீற் ஒன்று கிடக்கக்கூடும். எறிய முதல் ஒரு படம் எடுங்கோ. எண்பதுகளின் தொடக்கத்து மச் ஒன்றின் இரண்டாம் இன்னிங்ஸ் அதில் இருந்தால், தயவுசெய்து எனக்கு உடனே சொல்லுங்கோ.