கேட்கும் இடம் வேறு, பேசும் இடம் வேறு



"ரிட்டயர் ஆகி என்ன சார் பண்றீங்க?" என்று கேட்பவர்களிடம் ஹாம் ரேடியோ என்பேன். பலர் எஃப்.எம். என்று நினைத்துக்கொள்வார்கள். அரசுத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, மொட்டைமாடியில் கம்பி கட்டி, முன்பின் தெரியாதவர்களோடு வானலையில் பேசும் பொழுதுபோக்கு இது.

மூன்று வருடமாக எனக்குக் காது மந்தம். இரைச்சலுக்கு நடுவே குரலைப் பிரித்துக் கேட்க முடியவில்லை. செட்டைத் துணி போட்டு மூடிவிட்டேன். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்த பழைய மாணவி ஒருத்தி, அவளும் உரிமம் வைத்திருப்பவள், என் லேப்டாப்பில் எஃப்.டி.8 போட்டுக் கொடுத்தாள். நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் உருவாக்கி 2017-ல் வந்த முறை. 15 விநாடி ஒருவர் அனுப்ப, அடுத்த 15 விநாடி மற்றவர் அனுப்ப, எல்லாம் எழுத்தாகத் திரையில் வரும். காது வேண்டாம், கண் போதும்.

ஆனால் பத்து நாள் கூப்பிட்டும் ஒருவரும் பதில் தரவில்லை. ஜப்பான், இத்தாலி, ரஷ்யா எல்லாம் திரையில் தெரிகிறார்கள். நான் கூப்பிட்டால் மட்டும் மௌனம். ஆன்டெனாவை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். காதுதான் போயிற்று என்றால் குரலும் போய்விட்டதா என்று மனசு கனத்துப் போனது.

திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "சார், அவங்க இருக்கிற இடத்திலேயே நீங்களும் கூப்பிடறீங்க. எல்லாரும் அங்கதான் கத்துவாங்க. எல்லாரும் ஒண்ணா பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்னு நீங்கதானே வகுப்புல திட்டுவீங்க?"

விஷயம் இதுதான். ரேடியோவை 14.074 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் சுமார் 3000 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அத்தனை பேரும் அடக்கம். ஒருவருக்கு 50 ஹெர்ட்ஸ் போதும். திரையில் பச்சைக் குறி நாம் கேட்கும் இடம், சிவப்புக் குறி அனுப்பும் இடம். ஒருவரின் அழைப்பை இரண்டு முறை கிளிக் செய்தால் இரண்டு குறியும் அவர் இடத்துக்கே ஓடிவிடும். பத்துப் பேர் அப்படிச் செய்தால் ஒருவர் மேல் ஒருவர் விழ வேண்டியதுதான். இத்தனைக்கும் எதிராளியின் கம்ப்யூட்டர் அந்த அகலம் முழுவதையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. அவர் பக்கத்தில் போய் நிற்க அவசியமே இல்லை.

'ஹோல்டு டிஎக்ஸ் ஃப்ரீக்' கட்டத்தில் டிக் போட்டேன். இனி சிவப்பு நகராது. இரண்டு சுற்று சும்மா பார்த்து, காலியான இடத்தில் ஷிஃப்டை அழுத்திக் கிளிக் செய்தேன். 1500-க்கு மேல் வைப்பது நல்லது. மேற்சுரம் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? 600-ல் அனுப்பினால் 1200-லும் 1800-லும் அதன் நிழல் விழுந்து மற்றவர்களைக் கெடுக்கலாம். 1500-க்கு மேல் என்றால் இரட்டிப்பு 3000-ஐத் தாண்டிவிடும். ரேடியோவின் வடிகட்டியே அதைத் தடுத்துவிடும். இன்னொன்று, நாம் அனுப்பும்போது நமக்குக் கேட்காது. அதனால் அவ்வப்போது ஒரு சுற்று நிறுத்தி, நம் இடத்தில் வேறு யாராவது வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலம் 1740-ல் கூப்பிட்டேன். இந்தோனேசியாவிலிருந்து பதில் வந்தது. என் சிக்னல் மைனஸ் 17, வெறும் காதுக்கு எட்டாத அளவு. நான் போட்ட சத்தத்தில் வீட்டம்மா "என்னங்க ஆச்சு?" என்று சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

நன்றி சொல்லப் போன் செய்தபோது அந்த மாணவி ஒன்று சொன்னாள். "கடைசி பெஞ்சுல எனக்கும் பதில் தெரியும் சார். முன்னாடி இருக்கிறவங்க கத்தற கத்துல சொல்லாம இருந்துடுவேன்." அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நன்றாகக் காது கேட்ட காலத்தில், சத்தமாகச் சொன்னவர்களை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

உங்களில் அப்படி யாராவது இருந்தால், அன்று சொல்லாததை இப்போது கீழே எழுதுங்கள். பொறுமையாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்.
73 (ஹாம்காரர்கள் விடைபெறும்போது சொல்லும் வாழ்த்து)