இரண்டு சதவீதம்

தரகு என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மவர் பலருக்கு முகம் சற்றுச் சுளிக்கிறது. மண்ணைத் தொடாமல், செங்கல்லைச் சுமக்காமல், இருவருக்கு நடுவே நின்று பேசியதற்குக் கூலியா என்ற கேள்வி அந்தச் சுளிப்பின் பின்னால் இருக்கிறது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பெற்றோர் விட்டுச்சென்ற சிறிய வீட்டை விற்பதென்று உடன்பிறந்தோர் மூவரும் முடிவெடுத்தபோது, அந்தக் கேள்வி எங்களிடமும் இருந்தது. விற்று முடித்துவிட்ட இப்போது அதற்கு ஓரளவேனும் விடை கிடைத்திருக்கிறது. அதே நிலையில் நிற்கும் நண்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறோம்.

பழநி மலைத்தொடருக்கு நம் இலக்கியத்தில் ஒரு கொடைப் பெருமை உண்டு. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், பொதினி என்று அகநானூறு சொல்லும் இம்மலைப் பகுதியை ஆண்ட ஆவியர் குடியைச் சேர்ந்தவன். கணக்குப் பார்க்காமல் கொடுத்தவனின் மலையில் அமர்ந்து நாங்கள் நூற்றுக்கு ஒன்றா, இரண்டா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொடை வேறு, கூலி வேறு. கூலிக்குக் கணக்கு வேண்டும்.

முதலில் தெரிந்துகொண்டது, தரகு இவ்வளவுதான் என்று எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை என்பது. விற்பவரிடம் ஒன்று அல்லது இரண்டு சதவீதம், வாங்குபவரிடமும் அவ்வாறே என்பது வழக்கம் மட்டுமே. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவான மனைத் திட்டங்களிலும் அடுக்ககத் திட்டங்களிலும் விற்பனைக்குத் துணைநிற்பவர்களுக்கே அந்தக் கட்டாயம். எங்களுடையதைப் போன்ற ஒற்றைப் பழைய வீட்டைக் கைமாற்றித் தருபவர் அதற்குள் வருவதில்லை. பதிவு செய்த முகவருக்கும்கூட அச்சட்டம் கட்டணத்தை நிர்ணயிக்கவில்லை.

எங்களைத் தேடி இருவர் வந்தனர். முதலாமவர் சதவீதமே வேண்டாம் என்றார். "உங்க கைக்கு அறுபது லட்சம் வந்துடணும், அவ்வளவுதானே சார்? மேல வர்றதை நான் பாத்துக்கிறேன்." கேட்க எளிமையாக இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தோம். அவர் அறுபத்தெட்டு லட்சத்துக்கு விற்றால் எட்டு லட்சம் அவருடையது. விலையில் நூற்றுக்குப் பதினொன்றுக்கும் மேல். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, சொத்து மாற்ற வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து வாங்குபவரிடம் அரசு பெறுவதே 2023 முதல் பொதுவாக ஒன்பது சதவீதம்தான். பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இதில் இருக்கிறது. உண்மையான விலை என்னவென்று விற்பவருக்கே தெரியாமல் போகிறது. நமக்காகப் பேச வந்தவர், நமக்குத் தெரியாமல் தமக்காகப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

இரண்டாமவர் அறுபதைக் கடந்தவர். அப்பாவை அறிந்தவர். இரண்டு சதவீதம் கேட்டார். "விலை என்னன்னு உங்க முன்னாடியே பேசுவேன் தம்பி. பத்திரம் முடிஞ்ச அன்னிக்குக் குடுங்க, போதும்." அவரையே அமர்த்திக்கொண்டோம்.

அமர்த்திக்கொண்ட அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் நல்ல வழிகாட்டி. தனி உடன்பாடு இல்லாதபோது, ஒப்புக்கொண்ட செயல் முடிந்த பிறகே முகவருக்கு ஊதியம் உரியதாகும் என்கிறது அதன் 219ஆம் பிரிவு. தவறாக நடந்துகொண்ட முகவர், அவ்வாறு நடந்துகொண்ட பகுதிக்கு ஊதியம் கோர முடியாது என்கிறது 220. உரியவருக்குத் தெரியாமல் தம் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து அவர் அடைந்த ஆதாயத்தை உரியவர் கேட்டுப் பெறலாம் என்கிறது 216. ஆனால் "செயல் முடிந்தது" என்பது எது? ஆளைக் கூட்டிவந்ததா, முன்பணம் கைமாறியதா, பத்திரம் பதிவானதா? சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. ஆகவே எத்தனை சதவீதம், எப்போது தருவது, அவர் காட்டிய ஆள் ஆறு மாதத்துக்குள் நேரடியாக வந்து வாங்கினாலும் அவருக்குரியது உண்டு என்பதையெல்லாம் எழுதிக்கொண்டோம். அந்தக் கடைசி வரியைக் கேட்டு எழுத வைத்தவர் அவர்தான்.

அதன் பிறகு அவர் செய்த வேலையைப் பார்த்தோம். கொடைக்கானலில் வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டுமல்ல. விதிமீறிய கட்டடங்கள் பல, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2019இல் பூட்டி முத்திரையிடப்பட்ட ஊர் இது. வாங்க வருபவர் முதலில் கேட்பது வரைபட அனுமதியைத்தான். அப்பா எங்கோ வைத்த அனுமதி நகலை நகராட்சி அலுவலகத்துக்குப் பலமுறை நடந்து பெற்றுத் தந்தார். வில்லங்கச் சான்றில் இருந்த ஒரு பழைய கடன் பதிவு அடைபட்டதற்கான ரசீதைத் தேடச் சொன்னார். தோட்டத்து மரங்களை வெட்டிவிட்டுக் கட்டடத்தை நீட்டலாமா என்று கேட்ட ஒருவரிடம், மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது, பட்டா நிலமானாலும் அனுமதி வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஆள் திரும்பி வரவில்லை. தரகர் ஒருவர் தம் கூலியைத் தாமே தள்ளிவிட்டதை அன்று பார்த்தோம்.

ஐந்தாவதாக வந்தவருக்கு வீடு பிடித்தது. அறுபது லட்சம் என்று பேசி முடித்த மறுவாரம் அவர் எங்களைத் தனியே தொலைபேசியில் அழைத்தார். நடுவில் ஆள் எதற்கு, நேரடியாக முடித்துக்கொள்வோம், இரு பக்கமும் மிச்சம் என்றார். எங்கள் பக்கத்து மிச்சம் ஒரு லட்சத்து இருபதாயிரம், ஆளுக்கு நாற்பதாயிரம். தம்பிக்கு அந்த மாதம் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. "எழுதின தாளை வெச்சுக்கிட்டு அவர் கோர்ட்டுக்கா போவார், அக்கா?" என்று கேட்டான். போக மாட்டார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அதனாலேயே அந்தக் கேள்வி கனமாக இருந்தது. எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சு சரியாக இல்லை. மூன்றாம் நாள் தம்பியே வாங்குபவரை அழைத்து, எல்லாம் அவர் வழியாகவே நடக்கட்டும் என்று சொன்னான்.

தரகு பற்றிய வழக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் விற்பவரே இரு தரப்பு முகவர்களுக்கும் சேர்த்து ஐந்து, ஆறு சதவீதம் தருவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. மிசௌரி மாநில வழக்கொன்றில் 2023 அக்டோபரில் நடுவர் குழு வீடு விற்றவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் தேசிய முகவர் சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் முதல், வாங்குபவரின் முகவர் வீட்டைக் காட்டுமுன் கட்டணத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டாக வேண்டும். அங்கே அத்தனை பெரிய வழக்கு வந்துசேர்ந்த இடமும், யார் யாருக்கு எவ்வளவு தருகிறார் என்பது முன்னதாகவே ஒரு தாளில் இருக்க வேண்டும் என்பதுதான்.

தரகுத் தொகையை வங்கி வழியாகச் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. விற்பனைக்காகவே செய்த செலவு என்ற வகையில், மூலதன ஆதாயக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. முகவர் ஜிஎஸ்டியில் பதிவு பெற்றவரானால் தரகின் மேல் 18 சதவீத வரியும் சேரும். அதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

பத்திரம் பதிவான அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் எங்கள் பெரியவர் ரசீதில் நிதானமாகக் கையெழுத்திட்டார். தாளை மடித்துத் தந்துவிட்டு, பேரிக்காய் மரத்தை வெட்ட வேண்டாம் என்று வாங்கினவரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அது எங்கள் உடன்பாட்டுத் தாளில் இல்லாத வேலை.