சங்கும் என் பல்லும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது தங்கச்சிமடம் புனித சந்தியாகப்பர் திருவிழாவிற்குச் சென்றிருந்தோம். கடற்கரையில் தம்பியோடு ஓடி விளையாடுகையில், கரையில் ஏற்றியிருந்த வத்தையின் விளிம்பில் மோதி விழுந்தேன். முன்பல்லின் நரம்பு செத்துவிட்டது. வேர் சிகிச்சை செய்ததால் பல் பிழைத்தது. ஆனால், நாளடைவில் அது சாம்பல் நிறமாகிவிட்டது.

அதன்பின் நான் வாய்விட்டுச் சிரித்ததில்லை. ஆண்டு விழா நாடகத்தில் மாதாவாக நடிக்கச் சிஸ்டர் அழைத்தபோது, காய்ச்சல் என்று பொய் சொன்னேன். வீட்டில் எவருமறியாமல் உமிக்கரியாலும், எலுமிச்சைச் சாறு கலந்த உப்பாலும் தேய்த்துப் பார்த்தேன். பல் வெளுக்கவில்லை. பக்கத்துப் பற்கள் கூசத் தொடங்கியதுதான் மிச்சம்!

சோறு உண்ண முடியாமல் நான் விழிப்பதைக் கண்ட பாட்டி, உண்மையைக் கறந்துவிட்டார். அம்மா என்னை இராமநாதபுரத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் அழைத்துச் சென்றார்.

"ராமேஸ்வரம் கடைகளில் வெண்சங்கு பார்த்திருப்பாயே! கடலிலிருந்து எடுக்கும்போது அதன்மேல் பழுப்புத் தோல் இருக்கும். அதைச் சுரண்டினால் வெண்மை தெரியும். உன் பல்லின் கறையோ உள்ளே இருக்கிறது. அடிபட்டபோது கசிந்த இரத்தம் பல்லின் நுண்குழாய்களில் புகுந்து கறுத்துவிட்டது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் எனாமல்தான் தேயும்" என்றார் அவர்.

எக்ஸ்ரே எடுத்து, வேரில் அடைத்தது சரியாக இருப்பதை உறுதி செய்தார். பல்லின் பின்புறம் சிறு துளையிட்டு, மருந்து வேருக்குள் இறங்காதபடி சிமெண்டால் தடுத்தார். பிறகு சோடியம் பெர்போரேட் தூளைத் தண்ணீரில் குழைத்து உள்ளே வைத்து மூடினார். இது ஸ்பாசர் என்பவர் 1961-ல் எழுதிய முறையாம். வாரம் ஒருமுறை மருந்தை மாற்றினார். மூன்றாம் வாரம் கண்ணாடியில் பார்த்தேன். எது அடிபட்ட பல் என்று எனக்கே தெரியவில்லை!

"சில ஆண்டுகளில் மீண்டும் சற்று நிறம் மாறலாம். அப்போது ஒளிக்காமல் வா" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மறுநாள் சிஸ்டரிடம் என் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. பல்வலிக்காரர்களின் பாதுகாவலியான புனித அப்பொலோனியாவின் கதையைச் சொன்னார். 249-ம் ஆண்டில் அலெக்சாந்திரியாவில் பகைவர்கள் பற்களை உடைத்தபோதும் அவர் விசுவாசத்தை மறுதலிக்கவில்லையாம். நானோ ஒரு பல்லின் நிறத்துக்காகப் பொய் சொன்னேனே என்று வெட்கப்பட்டேன்.

அன்புத் தோழியரே, உள்ளே உள்ள கறையை வெளியே தேய்த்துப் போக்க முடியாது. உரியவரிடம் வாய் திறந்து சொன்னால்தான் அது நீங்கும். இது பல்லுக்கு மட்டுமா பொருந்தும்?