ஒன்பது வருடக் கடனும் ஒரு பழைய சாகாவும்

போன வருடம் ஒரு நாள் காலை, அக்காள் மகன் புலனத்தில் ஒரு புதுக் காடியின் படத்தை அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: “மாமா, முன்பணம் வேணாமாம். ஒன்பது வருசம், மாசம் 700 வெள்ளிதான். எடுக்கலாமா?”

அவனுக்கு வயது 23. கிள்ளானில் வேலை கிடைத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் யார் காடி வாங்கினாலும் என்னைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். வெளியே நான் வானொலி அறிவிப்பாளன். வீட்டில் ‘காடிப் பைத்தியம்’. சின்ன வயதில், வாசலைத் தாண்டிப் போவது வீராவா கஞ்சிலா என்று திரும்பிப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே சொல்வேன். அப்படிப்பட்ட என்னை அன்று அந்த ‘தான்’ என்ற சொல் சுருக்கென்று தைத்தது. நானும் ஒருமுறை அதே ‘தான்’ சொல்லி மாட்டிக்கொண்டவன்.

அப்போது எனக்கு 27 வயது. ஐந்து வருடம் ஓடிய ஓர் ஐரோப்பியக் காடி. இரண்டு லிட்டர் இயந்திரம், தோல் இருக்கை, கதவைச் சாத்தினால் ‘தொப்’ என்று ஒரு கனமான சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்று சொன்னால் பொய்யில்லை. கடன் 68,000 வெள்ளி, வட்டி 3.5 விழுக்காடு, ஒன்பது ஆண்டு. மாதம் 828 வெள்ளிதான்!

கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. போட்டுப் பார்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கடனில் 3.5 விழுக்காடு என்பது குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குப் போடும் வட்டி அல்ல. முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் ஒன்பது வருடமும் அதே வட்டி. வருடத்துக்கு 2,380 வெள்ளி, ஒன்பது வருடத்துக்கு 21,420. அந்த வட்டியிலும் பெரும்பகுதியை ஆரம்ப வருடங்களிலேயே கழித்துக்கொள்வார்கள்.

மூன்றாம் வருட முடிவில் கியர்பாக்ஸ் போனது. விடியற்காலை நான்கரை மணி, கூட்டரசு நெடுஞ்சாலை, ஆறு மணிக்கு எனக்கு நிகழ்ச்சி. அன்று டாக்சியில் போய்ச் சேர்ந்தேன். பட்டறையில் சொன்ன விலை 11,000 வெள்ளி. விற்றுவிடலாம் என்று போனால், பழுதோடு 39,000க்கு மேல் யாரும் கேட்கவில்லை. வங்கிக்கு எழுதிக் கேட்டேன். கடனை முடிக்க இன்னும் 50,000 வேண்டும் என்றார்கள். மூன்று வருடத்தில் நான் கட்டியது 29,808. அதில் கடன் குறைந்தது வெறும் 18,000.

ரிப்பேர் செய்தாலும் 11,000. விற்றாலும் 11,000 துண்டு விழும். என் கையில் இருந்தது 5,000.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “மீட்டுக் கொடுத்துடு ஐயா” என்றார். அடகுக் கடை ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, காடியைப் பற்றி அதுவரை நான் பேசிய பேச்செல்லாம் காதில் கேட்டது.

வளையலை மீட்கப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் வேலைக்கு ஓட்டியது அப்பாவின் 1991 புரோட்டோன் சாகா. 1.3 லிட்டர். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் நண்பர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துச் சிரித்தார்கள். ஆனால், ஒரு நாள்கூட நான் நிகழ்ச்சிக்குத் தாமதமாகப் போகவில்லை.

அந்தச் சாகாவின் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு 555 நோட்டுப் புத்தகம் இருக்கும். மளிகைக் கடைக் கடனை எழுதிவைக்க நம் வீடுகளில் வைத்திருந்தோமே, அதே குட்டிப் புத்தகம்தான். அப்பா அதில் கடன் எழுதவில்லை. எண்ணெய் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், டைமிங் பெல்ட், பிரேக், போமனுக்குக் கொடுத்த கூலி என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார். லோரி ஓட்டிய மனிதர். “இஞ்சினு பேசாதுய்யா. நாமதான் அதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்” என்பார்.

முதல் சாகா 1985இல் வெளிவந்தது, பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட அதே ஆண்டு. பெயர் சாகா மரத்திலிருந்து வந்தது. தமிழில் நாம் அதை மஞ்சாடி என்போம். அந்தச் சிவப்பு விதையை வைத்துத்தான் அந்தக் காலப் பத்தர்கள் பொன்னை நிறுத்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி எடை. அம்மாவின் வளையல் கடையில் இருந்த நாட்களில் இதை நினைத்துக்கொண்டே அந்தக் காடியை ஓட்டியிருக்கிறேன்.

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். காடிக்கு விலை ஒன்று, செலவு ஒன்று, மதிப்பு ஒன்று. மூன்றும் ஒன்றல்ல. விற்பவர் சொல்வது விலை மட்டுமே. செலவை நாமே கூட்டிப் பார்க்க வேண்டும். என் 1,998 சிசி காடிக்குச் சாலை வரி 379 வெள்ளி. அப்பாவின் சாகாவுக்கு 70. டயர், காப்புறுதி, உதிரிப்பாகம் எல்லாம் இதே கதைதான். ஐந்து வருடம் பழையதாகிவிட்ட சொகுசுக் காடியின் விலை பாதியாகக் குறையலாம்; அதன் உதிரிப்பாகம் குறையாது. மாதத் தவணையைப் பார்த்து வாங்காதீர்கள், மொத்தத் தொகையைப் பாருங்கள். முன்பணம் சேர்க்க முடியாத காடியைப் பராமரிக்கவும் முடியாது.

இன்னொன்று: காப்புறுதியில் இழப்பீடு கேட்காமல் ஓட்டினால் கிடைக்கும் கழிவு, முதல் வருடம் 25 விழுக்காட்டில் தொடங்கி ஐந்து வருடத்தில் 55 வரை ஏறும். அது காடிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். விற்றாலும் அடுத்த காடிக்குக் கொண்டுபோகலாம். சின்னக் கீறலுக்கெல்லாம் அதை இழக்காதீர்கள்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். 700ஐ 108ஆல் பெருக்கச் சொன்னேன். கைப்பேசியில் 75,600 என்று வந்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்போ தாத்தா சாகாவ எனக்குக் கொடுங்க மாமா” என்றான்.

எனக்கு ஆசைதான். ஆனாலும் மறுத்தேன். அதில் காற்றுப்பை இல்லை, ஏபிஎஸ் பிரேக் இல்லை. கனரக லோரிகளுக்கு நடுவே தினமும் கிள்ளானுக்குப் போகிற பிள்ளைக்குப் பாசத்தை மட்டும் நம்பி ஒரு காடியைக் கொடுக்க முடியாது. நான் ஓட்டியது என் கட்டாயம்.

ஏழு மாதம் சுபாங் ஜெயாவிலிருந்து கொமுட்டர் இரயிலில் போய் வந்தான். முணுமுணுத்துக்கொண்டேதான் போனான். 6,000 வெள்ளி சேர்ந்தது. பிறகு போமன் அண்ணனையும் அழைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் காடி பார்க்கக் கிளம்பினோம். இஞ்சின் சூடாவதற்குமுன் போய் நிற்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டில்தான் உண்மை தெரியும். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. ஒரு காடி பளபளவென்று இருந்தது. அண்ணன் பூட் கம்பளத்தைத் தூக்கினார். உபரி டயர் குழிக்குள் காய்ந்த சேறு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கிக் கிடந்த காடிகளைப் பார்த்தவர் அவர். ஒன்றும் பேசாமல் கம்பளத்தை மூடினார். திரும்பிவிட்டோம்.

நான்காவதாகப் பார்த்த 2018 மைவி அமைந்தது. கடன் 27,000, ஐந்தே வருடம், மாதம் 529. புஸ்பாகோம் சோதனையும் பெயர் மாற்றமும் முடிந்து, நேராகத் தாத்தா வீட்டுக்கு ஓட்டி வந்தான்.

அப்பாவுக்கு இப்போது முட்டிவலி. கிளட்ச் மிதிக்க முடிவதில்லை. ஒருவர் சாகாவைச் சேகரிப்புக்காக 15,000க்குக் கேட்கிறார். வாங்குவதா வேண்டாமா என்று ஊருக்கே சொல்லும் எனக்கு, அதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லத் தெரியவில்லை. ஞாயிறுதோறும் பேட்டரி இறங்காமலிருக்க ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்துகிறேன்.

அப்பா மெல்ல நடந்து மைவியைச் சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு புது 555 புத்தகத்தை எடுத்துப் பேரனிடம் கொடுத்தார்.

“கடன் எழுதறதுக்கு இல்லடா” என்றார்.

அவன் என்னிடம் பேனா கேட்டான்.